கைவேலைக்கும் கூலி உண்டு!

(தாராவியில் நம் சங்கத்தின் மகளிர் பிரிவு கூட்டிய கூட்டத்தில், பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

இன்றைய கூட்டத்துக்கு வைக்கப்பட்டிருக்கும் தலைப்பு, 'பொழுதுபோக்கை வருமானமாக்குவது எப்படி' என்பது. இந்தத் தலைப்பிலேயே ஒரு தகராறு இருக்கிறது. அதை முதலில் தீர்த்துவிட்டு மேலே போவோம்.

பொழுதுபோக்கு என்கிறார்களே, யாருடைய பொழுது போகாமல் கிடக்கிறது? விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்குப் போகிறவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து, துவைத்து, கூட்டி, பிற்பகலில் கால் நீட்டி உட்காருகிற நேரத்திலும் கை சும்மா இருப்பதில்லை. வயரை எடுத்துக் கூடை பின்னுகிறது. இது பொழுது போகாதவள் செய்யும் காரியமா? ஆண் ஒருவன் எட்டு மணி நேரம் இயந்திரத்தருகே நின்றால் அதற்கு வேலை என்று பெயர். பெண் ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் பின்னினால் அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவர்கள், கூலி கொடுக்காமல் தப்பிக்கத்தான் வைத்தார்கள். ஆகவே, இன்று முதல் நம் கூட்டங்களில் இதற்குக் கைவேலை என்றே பெயர். வேலை என்றால் கூலி உண்டு.

கூடை எப்படித் திரும்பி வந்தது?

வயர் கூடையை உங்களுக்கு நாங்கள் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் முடிச்சு எல்லாம் நம் கைக்குப் பழகியவை. ஊரில் அம்மாவும் அத்தையும் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த கலை. ஒரு காலத்தில் கடைத்தெருவுக்குப் போகிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் கையிலும் அது தொங்கியது. பிறகு கடைக்காரர்களே மெல்லிய பிளாஸ்டிக் பைகளைச் சும்மா கொடுக்கத் தொடங்கினார்கள். கூடை பரணுக்குப் போயிற்று.

2018 மார்ச்சில் மகாராட்டிர அரசு பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை வந்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2022 ஜூலை முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் தடை. இந்தத் தடைகள் எவ்வளவு தூரம் அமலாகின்றன என்பது வேறு கேள்வி. ஆனால் கையில் ஒரு கூடை கொண்டுபோகும் பழக்கம் மறுபடி தலைதூக்கியது. கூடையும் பிளாஸ்டிக் வயர்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கூடை பல ஆண்டுகள் உழைக்கும். ஒரு நாளில் குப்பைக்குப் போகும் பையும் அதுவும் ஒன்றல்ல.

நவராத்திரிக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்கவும், திருமண வீடுகளில் வந்தவர்களுக்குக் கொடுக்கவும் சிறு கூடைகளை இப்போது கேட்கிறார்கள். மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று தமிழர் வாழும் இடமெல்லாம் தேவை இருக்கிறது. தேவை இருக்கிற இடத்துக்குத் தரகரும் வந்து சேருவார் அல்லவா? வந்துவிட்டார்.

நாற்பத்தைந்து ரூபாயின் கதை

ஒரு மொத்த வியாபாரி நம் பெண்கள் சிலரிடம் பேசியிருக்கிறார். பெயர் வேண்டாம், அவரைப் போல் பலர் இருக்கிறார்கள். நவராத்திரிக்கு முன் 400 சிறு கூடைகள் வேண்டுமாம். வயர் அவருடையது. ஒரு கூடைக்குப் பின்னுகூலி 45 ரூபாய். நம் பெண்களில் சிலர் மகிழ்ச்சியோடு தலையாட்டிவிட்டு, பிறகு நம்மிடம் யோசனை கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. கணக்குப் போட்டுக் காட்ட வந்திருக்கிறோம்.

கைதேர்ந்தவர் ஒருவர் அந்த அளவுக் கூடையைப் பின்னி, ஓரம் கட்டி, கைப்பிடி போட்டு முடிக்க மூன்று மணி நேரம் ஆகிறது. நாங்கள் கடிகாரம் வைத்தே பார்த்தோம். 45 ரூபாயை மூன்றால் வகுத்தால் மணிக்கு 15 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் பின்னினால் 120 ரூபாய். நடுவண் அரசு 2017-ஆம் ஆண்டில் அறிவித்த தேசிய அடிமட்டக் கூலியே நாளொன்றுக்கு 176 ரூபாய். அதுவே போதாது என்று தொழிற்சங்கங்கள் அப்போதே கண்டித்தன. போதாத அந்தத் தொகையைவிடவும் 56 ரூபாய் குறைவாக, இத்தனை ஆண்டுகள் கழித்து, நம்மிடம் வேலை வாங்கப் பார்க்கிறார்கள். அதே அளவுக் கூடை கடையில் 250 ரூபாய்க்கு மேல் விற்பதை விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

நாமே நம் கூடைக்கு விலை போடுவோம். வயருக்கு 40 ரூபாய். கைக்கூலி மணிக்கு 40 ரூபாய் வீதம் மூன்று மணிக்கு 120. வெட்டுத் துண்டு, வீணாகும் வயர் 5. வயர் வாங்கப் போகவர, கூடையைக் கொண்டுசேர்க்க 10. ஆக, அடக்கம் 175 ரூபாய். அதன்மேல் 15 ரூபாய் ஆதாயம் வைத்தால் விலை 190.

இதில் நம் பெண்கள் வழக்கமாக விட்டுவிடுவது எது தெரியுமா? 120 ரூபாய்க் கைக்கூலியைத்தான். "வயர் 40 ரூபாய், நான் 80-க்கு விற்றேன், பாதிக்குப் பாதி லாபம்" என்று ஒரு சகோதரி பெருமையாகச் சொன்னார். அம்மா, அது லாபம் அல்ல. மூன்று மணி நேர உழைப்பை 40 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு அதற்கு லாபம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கூலி வேறு, ஆதாயம் வேறு. கூலி உங்கள் உழைப்புக்கு. அது வீட்டுச் செலவுக்குப் போகட்டும். ஆதாயம் தொழிலுக்கு, அடுத்த வயர்க் கட்டு வாங்க அது இருக்கட்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் தொழில் மூன்று மாதத்தில் படுத்துவிடும்.

வீட்டில் இருந்து உழைப்பவர் தொழிலாளியா?

வியாபாரி நம்மைப் பார்த்து, "நீங்கள் என் வேலைக்காரர்கள் இல்லையே, வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்பார். இந்தப் பேச்சு புதிதல்ல. நெல்லைச் சீமையிலிருந்து வந்த தாய்மார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பீடி சுற்றிய கைகள் உங்களில் எத்தனையோ! இலையும் தூளும் கொடுத்து, வீட்டில் சுற்றி வாங்கிக்கொண்டு, "இவர்கள் எங்கள் தொழிலாளிகள் அல்லர்" என்றுதான் பீடி முதலாளிகளும் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் போராடின. 1966-ஆம் ஆண்டில் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. முதலாளிகள் வழக்குமன்றம் போனார்கள். 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரும் தொழிலாளியே என்பது நிலைத்தது. 1976-இல் நலநிதிச் சட்டம் வந்தது. பீடி சுற்றுகிறவர் வாழ்க்கை சொர்க்கமாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் ஓர் அடையாள அட்டை இருக்கிறது. கூடை பின்னுகிறவர் கையில் என்ன இருக்கிறது?

1972-இல் அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் சேவா என்ற பெண்கள் தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யப் போனார். முதலாளி யார் என்று காட்ட முடியாத இவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் தடை சொன்னார்கள். சங்கம் என்பது முதலாளியை எதிர்க்க மட்டுமல்ல, உழைப்பவர்கள் ஒன்றுபடவும்தான் என்று அவர் வாதாடிப் பதிவு பெற்றார். வங்கிகள் இந்தப் பெண்களை வாசலில் நிறுத்தியபோது, 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியையே தொடங்கினார்கள்.

உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டுவழித் தொழிலாளர்களுக்காக 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்று ஒப்பமிடவில்லை. கோடிக்கணக்கான பெண்கள் வீட்டில் இருந்து தைக்கிறார்கள், ஒட்டுகிறார்கள், பின்னுகிறார்கள். அவர்கள் விஷயத்தில் டெல்லியின் அக்கறை இவ்வளவுதான்!

நம் நகரமே காட்டிய வழி

வெகுதூரம் போக வேண்டாம். இதே மும்பையில், கிர்காமில், 1959 மார்ச் 15-ஆம் நாள் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, தாங்கள் குடியிருந்த கட்டிடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் இட்டார்கள். அதுதான் பின்னாளில் லிஜ்ஜத் அப்பளமாக நாடெங்கும் போயிற்று. அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021-இல் பத்மஸ்ரீ வழங்கினார்கள். விருதைவிட நாம் பார்க்க வேண்டியது அவர்கள் வைத்துக்கொண்ட முறையை. காலையில் பிசைந்த மாவை வாங்கிப் போய் வீட்டில் இடுகிறார்கள். காய்ந்த அப்பளத்தை எடைபோட்டுக் கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். பார்த்தால் பீடி முறை போலத்தான் தோன்றும். ஒரே ஒரு வேறுபாடு: மாவு கொடுப்பவர் வெளியாள் அல்ல. உறுப்பினர் அத்தனை பேரும் உடைமையாளர்கள். ஆதாயம் அவர்களுக்கே பிரிகிறது.

பரேல், லால்பாக் பக்கம் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சோறு போட்ட பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களும் வட்டிக்காரரிடம் மூழ்கிக் கிடந்தவர்கள்தாம். 1975-இல் பிரேமா புரவ் அம்மையார் அவர்களை அன்னபூர்ணா மகளிர் மண்டலமாகத் திரட்டினார். நாட்டுடைமையான வங்கிகளில் குழுவாகக் கடன் வாங்கிக் கொடுத்தார். தனியாகப் போனபோது திறக்காத கதவு, சேர்ந்து போனபோது திறந்தது.

ஆகவே, நம்முன் மூன்று வழிகள். வியாபாரியின் வயரில் கூலிக்குப் பின்னுவது ஒன்று. தனித்தனியாக அக்கம்பக்கத்தில் விற்பது ஒன்று. இருபது பேர் சேர்ந்து வயரை மொத்தமாக வாங்கி, ஒரே விலை வைத்து விற்பது ஒன்று. மூன்றாவது வழியே நம் வழி. முதலிரண்டையும் ஒரேயடியாக விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் கூலிக்குப் பின்னினாலும் கூலியை நாம் சொல்ல வேண்டும்.

வாதத்துக்கு விடை

"வாடகை கொடுக்க வேண்டிய நாளில் 45 ரூபாயும் பணம்தானே, நீங்கள் கொள்கை பேசுகிறீர்கள்" என்று ஒரு தாய் சொன்னார். இது நியாயமான கேள்வி. பசியோடு இருப்பவரிடம் பொறுத்திரு என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது, நம்மிடம் அவருக்குக் கொடுக்க ஏதாவது இருந்தாலொழிய! ஆகவேதான் சொல்கிறோம்: ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போடுவோம். இருபது பேர் என்றால் மாதம் 2,000. அவசரத்துக்கு வட்டியில்லாமல் அதிலிருந்து கொடுப்போம். அப்போது அந்தத் தாயும் 45 ரூபாய்க்கு மாட்டேன் என்று சொல்ல முடியும். நிதி இல்லாத ஒற்றுமை மழைக்கு முன்னே நிற்காது.

வியாபாரியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதையும் கேட்டுக்கொள்வோம். "உங்கள் கூடை ஒன்று பெரியது, ஒன்று சிறியது, சொன்ன தேதிக்கு வருவதில்லை" என்கிறார். இதை மறுக்க முடியாது. உறவுக்காரருக்குப் பின்னும்போது இரண்டு முடிச்சுக் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கேட்பதில்லை. விலைக்குக் கொடுக்கும்போது அப்படி இருக்க முடியாது. அடிப்பாகத்துக்கு எத்தனை வயர், எவ்வளவு நீளத்தில் வெட்டுவது, எத்தனை வரிசை என்று ஒரு அட்டையில் எழுதி எல்லோரும் வைத்துக்கொள்வோம். பத்துக் கூடைக்கு ஒன்றை எடுத்து, ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஓர் இரவு முழுவதும் ஆணியில் தொங்கவிடுவோம். கைப்பிடி இளகினால் அந்தப் பத்தையும் பிரித்துப் பார்ப்போம். நம் பொருளைப் பார்த்துப் பாவம் ஏழைப் பெண்கள் என்று யாரும் வாங்க வேண்டாம். நல்ல கூடை என்று வாங்கட்டும்.

தாளும் பேனாவும்

இனி நடைமுறை. ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வாங்கிய வயர், பின்னிய நேரம், விற்ற விலை, நிலுவை ஆகிய நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதட்டும். பெரிய கேட்பு வந்தால் பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் வயரைத் தொடாதீர்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். பணம் அதில் விழட்டும்.

உத்யம் பதிவு என்று ஒன்று 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. சிறுதொழில் செய்கிறவர் என்பதற்கு அது சான்று. ஆதார் எண்ணோடு பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. ஆனால் நம் பகுதியில் சிலர் இதற்கு ஆயிரமும் இரண்டாயிரமும் பிடுங்குகிறார்கள். ஒரு காசும் கொடுக்காதீர்கள். சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். நம் பிள்ளைகள் பதிந்து தருவார்கள்.

ஜி.எஸ்.டி. என்றதும் பயப்படுகிறீர்கள். இந்த மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நம் இருபது பேர் கூடையும் சேர்ந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. இணையக் கடைகள் வழியே விற்பதற்கும், 2023 அக்டோபரிலிருந்து, இதே மாநிலத்துக்குள் என்றால் சிறு வியாபாரிகளுக்கு முழுப் பதிவு தேவையில்லை; ஓர் எண் மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்.

கடனைப் பற்றி ஒரு சொல். நடுவண் அரசின் விசுவகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் வந்தது. 18 தொழில்களில் கூடை முடைதலும் ஒன்று. 5 விழுக்காடு வட்டியில் முதலில் ஒரு லட்சம் கடன் என்கிறார்கள். ஆனால் குடும்பத் தொழிலாகச் செய்துவருகிறவருக்கே என்ற அதன் அடிப்படையைப் பாருங்கள். தோட்டி மகன் தோட்டி, குயவர் மகன் குயவர் என்ற பழைய கதையின் வாடை அதில் அடிக்கிறது என்று தமிழ்நாட்டு அரசு 2024 நவம்பரில் அதை ஏற்க மறுத்தது. சாதி வேறுபாடில்லாமல் யாரும் சேரும்படி 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. இங்கே குடியேறிவிட்ட நமக்கு அது கிட்டாது. கிடைப்பதை வாங்குவது உரிமை. வாங்குவதற்காக நம்மைக் குலத்தொழிலில் கட்டிப்போடச் சம்மதிப்பது அடிமைத்தனம். நம் பெண் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கூடை பின்ன உட்காரவைக்கும் வீட்டில் இந்தச் சங்கம் கைநனைக்காது. அம்மா பின்னுவது மகள் படிப்பதற்காக. அதில் தடுமாற்றம் வேண்டாம்.

வீட்டுக்குள் இருக்கும் தொழிற்கூடம்

கடைசியாக, இப்போதைய பெரிய கவலை. 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்காக வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. குடியிருப்பு என்றால் ஒரு கணக்கு, வணிகம் என்றால் வேறு கணக்கு. நம் வீடு எதில் சேரும்? பத்தடிக்குப் பத்தடி அறையில் இரவில் படுக்கிறோம். பகலில் அதே தரையில் கூடை பின்னுகிறோம், முறுக்குச் சுற்றுகிறோம், துணி தைக்கிறோம். அது வீடும்தான், தொழிற்கூடமும்தான். வெறும் வீடு என்று எழுதிவிட்டால், அதற்குள் நடக்கும் தொழில் யார் கண்ணுக்கும் படாமல் போய்விடும். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் சரக்கு வைக்க இடமும், கூடி உட்கார்ந்து வேலை செய்யக் கூடமும் ஒதுக்க மாட்டார்கள். தொழிலே இல்லாத இடத்தில் எதற்குக் கூடம் என்பார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிட வந்த நம் முன்னோர், சதுப்பும் நாற்றமுமாய்க் கிடந்த மண்ணை மேடாக்கி ஊராக்கினார்கள். அவர்களிடம் தாள் இல்லை. உழைப்பு மட்டும் இருந்தது. நம்மிடம் இரண்டும் இருக்கட்டும். நோட்டுப் புத்தகம், வயர் வாங்கிய ரசீது, உத்யம் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். இவை இருந்தால் கடை கிடைத்துவிடும் என்று நாங்கள் வாக்குறுதி தரவில்லை. அது போராடிப் பெற வேண்டியது. ஆனால் போராடுகிறவர் கையில் சான்று இருக்க வேண்டும்.

என்ன செய்யப் போகிறோம்?

முன்மொழிவு இதுதான். அந்த வியாபாரியிடம் நம் குழுவின் சார்பில் மூவர் போய்ப் பேசுவது. கூடைக்கு 120 ரூபாய் கைக்கூலி, பாதி முன்பணம், பெயர் எழுதிய ரசீது. 400 கூடைக்கு அவர் சொன்ன கணக்கில் 18,000 ரூபாய். இருபது பேர் பிரித்தால் ஆளுக்கு 900. நம் கணக்கில் 48,000, ஆளுக்கு 2,400. வேலை ஒன்றுதான். ஆளுக்கு இருபது கூடை, அறுபது மணி நேரம், நாளைக்கு இரண்டு மணி வீதம் ஒரு மாதம். அவர் ஒப்புக்கொள்ளவில்லையானால் சண்டை வேண்டாம். வணக்கம் சொல்லிவிட்டு வருவோம். முதலில் நூறு கூடைக்கு மட்டும் நாமே வயர் வாங்கி, 190 ரூபாய் விலையில், நம் தமிழ்ச் சங்கங்களிடமும் நவராத்திரி கொலு வைக்கும் வீடுகளிடமும் முன்கூட்டியே கேட்பு வாங்குவோம். நூறு கூடைக்கு வயர்ச் செலவு 4,000 ரூபாய். இரண்டு மாத நிதி அதற்குப் போதும்.

ஒரு நிபந்தனை. பேச்சு முடியும்வரை நம்மில் ஒருவரும் தனியாகப் போய் 45-க்கோ 50-க்கோ ஒத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் இறங்கினால் இருபது பேரும் இறங்கியாக வேண்டும். தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டில் அந்த இரண்டு மணி நேரம் அடுப்பையும் பிள்ளையையும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டுக்குப் போனதும் தண்ணீர் கொண்டுவா என்று உட்காரக் கூடாது.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மேசைக்கு வாருங்கள். முதல் மாதத்து நூறு ரூபாயைக் கொண்டுவராதவர்கள் ஞாயிறன்று கொடுத்தால் போதும். பேசப் போகும் மூவரையும் இப்போதே, இந்தக் கூட்டத்திலேயே, கைதூக்கித் தேர்ந்தெடுப்போம்.